ஆயா வீட்டுச் சீதை

சேதராப்பட்டில் எங்கள் ஆயா வீட்டு நடையில், அரிசிக் குதிருக்கு நேர் எதிரே ஒரு படம் மாட்டியிருக்கிறது. அசோகவனத்தில் மரத்தடியில் தனியே உட்கார்ந்திருக்கும் சீதை. ராஜா ரவிவர்மா எழுதியது. அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களைப் பல வண்ணத்தில் அச்சிட்டார். அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த சீதையும் சகுந்தலையும் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் சீதைக்கு வண்ணமெல்லாம் பழுத்துப்போய்விட்டது. ஓரத்தில் கரையான் வேறு. ஆயா கல்யாணமாகி வந்தபோது பித்தளைக் குடத்தோடு கொண்டுவந்த படம் அது.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் தாத்தா காலமானார். தெருப் பெண்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஆயா மட்டும் அழவேயில்லை. குதிரில் சாய்ந்தபடி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கல் நெஞ்சு” என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் காதுபடவே சொன்னார். அவர்மீது வரவேண்டிய கோபம் எனக்கு ஆயாமீது வந்தது. கருமாதி முடியும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் பிரெஞ்சு வகுப்பில் சிஸ்டர் ஒரு படம் காட்டினார்கள். தாவீத் என்ற பிரெஞ்சு ஓவியர் 1783-ல் தீட்டியது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் படம் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, இரண்டே முக்கால் மீட்டராம்! டிராய் நகர வீரன் ஹெக்டர் போரில் மாண்டு கட்டிலில் கிடக்கிறான். தலைக்கவசமும் வாளும் அருகே கிடக்கின்றன. மனைவி ஆந்த்ரோமாக்கின் ஒரு கை அவன் பக்கம் நீண்டிருக்கிறது. முகமோ அவனைப் பார்க்கவில்லை. மேலே எங்கேயோ நிலைத்திருக்கிறது. சின்ன மகன் தாயை எட்டித் தொடுகிறான். அவள் அவனையும் பார்க்கவில்லை.

“இந்த அம்மா ஏன் சிஸ்டர் கதறி அழவில்லை?” என்று பக்கத்து மாணவி கேட்டாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. எங்கள் நடையும் குதிரும்தான் கண்முன் நின்றன.

அன்று மாலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே ஆயாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

“அவ அழுவாமயாடி இருந்திருப்பா? எழுதினவன் அந்த நேரத்தை எழுதல, அவ்ளோதான்” என்றார்கள். சீதையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புடைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பிள்ளை அப்புறம் என்னாச்சி?” என்று கேட்டார்கள்.

டிராய் விழுந்தபின் கிரேக்கர்கள் அந்தக் குழந்தையைக் கோட்டை மதிலிலிருந்து வீசிக் கொன்ற கதையை சிஸ்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“தெரியல ஆயா” என்றேன்.