கசிவு உரைக்கும் உண்மை

செம்பனை நடுவதற்காகக் காடு திருத்திய பழைய புல்டோசரை விலைக்கு வாங்குவோன், தன் வாழ்நாட் சேமிப்பையே பணயம் வைக்கிறான். கழுவித் துடைத்த பளபளப்பில் அவன் மயங்கலாகாது. கழுவிய நீர் கசிவின் தடத்தையும் அழித்துவிடும். இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றிய பின்னரே சோதித்தல் வேண்டும். சூட்டில் இளகிய எண்ணெய், மறைந்த வழிகளைக் காட்டிக் கொடுக்கும்.

எல்லாக் கசிவும் ஒரு தன்மையன அல்ல. முன்தகட்டை உயர்த்தும் ஹைட்ராலிக் குழாய் கசிந்தால், குழாயை மாற்றினால் போதும். சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தருகே எண்ணெய் வழிந்தாலோ, சங்கிலியையே கழற்ற நேரும். அச்செலவை விலையிற் கழித்தல் அறிவுடைமை. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. துளியும் கசியாத கிழ இயந்திரத்தில், உள்ளே எண்ணெய் உளதா என்றே முதலில் பார்த்தல் வேண்டும்.

ஆராய்ந்து நம்புதற்கெனத் தெரிந்துதெளிதல் என்றோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இரும்பை வாங்குவோனும் அதனைப் படித்தல் நன்று.