அரிப்புக் கரையில் ஒரு சிலிண்டர்

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் வழியில், அருவியாறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது அரிப்பு. கரையோரம் நடந்தால் கடல் தின்று மிச்சம் வைத்த செங்கல் மாளிகை ஒன்றைக் காணலாம். முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக 1800களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டுவித்தது அது. ஊரார் அதை அல்லி ராணி கோட்டை என்கிறார்கள். ஆளுநரின் பெயரைச் சொல்ல அங்கு யாருமில்லை, அல்லியைத் தெரியாதவரும் இல்லை. எனக்கு இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி.

பெண் தலைமைக் குடும்பங்களின் விபரம் எடுப்பதற்காகத்தான் நான் போயிருந்தேன். நான் சந்தித்த அக்காவின் கணவர் உயிரோடு இருக்கிறார். ஆனாலும் குடும்பத்தைச் சுமப்பவர் அக்காதான். அட்டை அவிக்கும் வாடியில் கூலி வேலை செய்கிறார். கணவருக்கு ஐந்து வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. 2007 இல் இடம்பெயர்ந்து, நானாட்டான் பக்கம் இருந்து, திரும்பி வந்து, கையில் ஒன்றுமில்லாமல் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடப் போனவர் அவர்.

படிவம் நிரப்பி முடிந்ததும் அக்கா கேட்டார்: "மிஸ், உங்களிட்ட ஒண்டு கேக்கலாமா?"

வீட்டுத்திட்டம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"மூத்தவன் அடுத்த கிழமை சிலிண்டரோட இறங்கப்போறானாம். நான் மறிச்சுக் கேக்கிறானில்ல. அந்தச் சாமானில ஒரு முள்ளு ஓடுதே, அது என்னத்தைக் காட்டுது? வீட்டில இருக்கிற எனக்கும் விளங்க வேணும்."

சமூகவியல் படித்த நான் பதில் தெரியாமல் முழித்தேன். உள்ளே படுத்திருந்தவர்தான், "அந்தப் பழசை எடுத்துக்கொண்டு வா, நான் சொல்லுறன்" என்றார். அன்று பின்னேரம் அந்தக் கட்டிலடியில் நாங்கள் இருவரும் படித்ததையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கணவனையோ மகனையோ கடலுக்கடியில் அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கும் சகோதரிகளுக்கு இது உதவலாம்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைக் களைவோம். சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுத்தான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். கொம்பிறசர் இயந்திரம் அதை நெருக்கி அடைக்கிறது. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் ஏறத்தாழ 11 லீற்றர் கொள்ளும். அதற்குள் 200 பார் அமுக்கத்தில் அடைத்தால் 2200 லீற்றர் காற்று. சைக்கிள் ரியூபில் இருப்பது 3 பார் அளவுதான் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், வருடா வருடம் உள்ளே பார்க்கவும் வேண்டும். கொம்பிறசர் காற்றை இழுக்கும் வாய் எஞ்சின் புகைக்குக் கிட்ட இருந்தால் நச்சுப்புகையும் சேர்ந்து அடைபடும். காற்றில் எண்ணெய் மணத்தால் அந்தச் சிலிண்டரைத் தொடவே கூடாது. மணம் இல்லாத நஞ்சும் உண்டு என்பதால் இயந்திரம் எங்கே வைத்திருக்கிறது என்று நேரே போய்ப் பார்ப்பது நல்லது.

200 பார் காற்று நேரே வாய்க்குள் வந்தால் ஆள் தப்பமாட்டார். அதைத் தணிப்பதுதான் ரெகுலேற்றர். சிலிண்டரின் கழுத்து வால்வில் பூட்டும் முதல் பகுதி, அமுக்கத்தை 10 பார் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் இரண்டாம் பகுதிக்குள் ஒரு றப்பர்த் தகடு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது தகடு உள்வாங்கி ஒரு சிறு நெம்பை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்கிறது. விடும் மூச்சு வேறொரு வழியால் குமிழியாகப் போகிறது.

இது பிறந்த கதையைக் கேட்டால் நமக்குப் புதினமாக இராது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. எமில் ககுனான் என்ற பொறியியலாளர் கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக ஒரு வால்வு செய்தார். 1943 இல் அவரும் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் அதையே மாற்றிச் சுழியோடும் கருவியாக்கினார்கள். பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய நமக்கு அந்த மனிதரை உடனே விளங்கும்.

இனி அக்கா கேட்ட முள். சிலிண்டரில் மிச்சமிருக்கும் அமுக்கத்தைக் காட்டும் கேஜ் அது. உள்ளே வளைந்த வெறும் குழாய் ஒன்று உண்டு. திருவிழாக் கடையில் ஊதினால் நீளும் காகிதச் சுருளைப் போல, அமுக்கம் கூடினால் குழாய் நிமிரப் பார்க்கும், குறைந்தால் பழையபடி வளையும். அந்த அசைவு முள்ளைத் திருப்புகிறது. 50 இல் முள் நிற்கும்போது சுழியோடி மேலே வந்திருக்க வேண்டும். அந்த 50 கடலுக்குக் கொடுக்கும் வட்டியல்ல, அவசரத்துக்கு வைத்திருப்பது.

"எனக்குத் தந்த சாமானில கேஜ் உடைஞ்சு கிடந்தது. மூச்சு இழுக்கக் கஷ்டமா வரேக்க மேல வா எண்டவை" என்றார் அவர்.

ஆழம் கூடக்கூட காற்று வேகமாகத் தீரும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் நீர் இன்னொரு பார் அமுக்குகிறது. 20 மீற்றரில் அமுக்கம் மூன்று மடங்கு, ஒரு மூச்சுக்கு மூன்று மடங்கு காற்று. நிமிடத்துக்கு 20 லீற்றர் என்று கணக்குப் பார்த்தால், 50 பாரை மிச்சம் வைத்து, மேல்மட்டத்தில் 82 நிமிடம் வரும் சிலிண்டர் அங்கே 27 நிமிடம்தான் வரும். அக்கா அடுப்புக்கரியால் சுவரில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அவருடைய கணக்கு என்னுடையதைவிட விரைவாக வந்தது.

ஆனால் அவரை விழுத்தியது காற்றுத் தீர்ந்ததல்ல. 12 பாகம், அதாவது ஏறத்தாழ 22 மீற்றர் ஆழத்தில், அன்று மூன்றாவது சிலிண்டர். கேஜ் இல்லாததால் திடீரென மூச்சு இறுகியது, ஒரே உதையில் மேலே வந்தார். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்ததுபோல உடம்புக்குள் குமிழியாகிவிடும். மெதுவாக, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல், மூச்சை அடக்காமல் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடமாவது நின்றுதான் வரவேண்டும். அதற்கும் காற்று மிச்சம் வேண்டும்.

கால் விறைத்தபோது படகில் இருந்தவர்கள் இன்னொரு சிலிண்டர் கட்டித் திரும்ப இறக்கினார்களாம். சற்றுச் சுகமாக இருந்தது, ஏறியதும் முன்னையிலும் மோசம். கரையில் கடற்பேய் அடித்ததென்று சொல்லிப் பார்வை பார்த்ததில் இரண்டு நாள் போனது.

இப்படி யாருக்கும் நேர்ந்தால் திரும்ப இறக்க வேண்டாம். படுக்க வைத்து, ஒட்சிசன் கொடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். சுழியோடியவர் என்பதை முதலிலேயே சொல்லி, அமுக்க அறைச் சிகிச்சை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மூட்டுவலி, விறைப்பு, சலம் போகாமை எல்லாம் இதன் அறிகுறிகள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இடையில் வந்து குந்தியிருந்தார். முத்துக்குளிப்புக் காலத்தில் கல்லைக் கட்டி இறங்கியவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பான் என்று சொன்னார். தன் தங்கச்சியை ஒருவன் கைம்பெண்ணாக்க மாட்டான் என்ற கணக்கு.

"இப்ப கயிறு எங்க?" என்றார் அக்கா.

அடுத்த மாதம் நான் போனபோது விடியப்புறம் வாடியில் நின்றேன். மகனின் சிலிண்டரில் அக்கா தானே கேஜைப் பூட்டச் சொல்லிப் பார்த்தார். முள் 170 இல் நின்றது. முந்தின இரவு 200 இருந்தது என்றார் காற்று அடிப்பவர். அடிக்கும்போது சிலிண்டர் சூடாகும், ஆறினால் முள் இறங்கும், அது வழமைதான் என்று விளக்கினார்.

"அப்ப ஆறின பிறகு மிச்சத்தை அடிச்சுத் தாங்க" என்றார் அக்கா.

பெடியன் வெட்கத்தோடு மற்றவர்களைப் பார்த்தான். கொம்பிறசரை மறுபடி இயக்கினார்கள். படகு அரை மணித்தியாலம் பிந்திப் போனது.