உவமையும் அறிவும்

தமிழ் பயிலும் மாணவர் பலருக்கு உவமை என்பது வினாத்தாளில் அடையாளங்காண வேண்டிய ஓர் அணி. 'போல' என்னும் உருபைக் கண்டதும் 'உவமையணி' என எழுதிவிட்டு அப்பாற் செல்வர். ஆயின், அச்சொல்லின் வரலாறு இத்துணை எளியதன்று.

மணிமேகலையிலே சமயவாதிகள் தத்தம் கொள்கைகளை உரைக்கும் காதையில், உவமம் அளவைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அளவையாவது உண்மையை அறியும் வழி. ஆமாவைக் கண்டிராத ஒருவன், அது பசுவைப் போன்றது எனக் கேட்டறிகின்றான். பின்னர்க் காட்டில் அத்தகைய விலங்கொன்றைக் காணுமிடத்து, ஆமா இதுவே எனத் தெளிகின்றான். தொல்காப்பிய உவமவியலுக்கு உரை கண்ட பேராசிரியரும் இவ்வெடுத்துக்காட்டையே ஆள்கின்றார்.

வேறு வழக்குகளும் உள. திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் உவமை என்பது 'நிகர்' எனப் பொருள்படும். தமிழ் விவிலியத்தில் விதைப்பவனைப் பற்றிய முழுக்கதையே ஓர் உவமை. உருபு மறைந்த 'மதிமுகம்' இலக்கணத்தில் உவமைத்தொகை.

தொல்காப்பியர் உவமத்தைப் பொருளதிகாரத்தில், மெய்ப்பாட்டியலை அடுத்து வைத்தார். செயல், பயன், வடிவு, நிறம் என ஒப்புமையின் நிலைக்களத்தை நான்காக வகுத்து, வகைக்கு எட்டு உருபுகளை உரிமையாக்கினார். இன்று எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கும் 'போல' அங்கு நிறத்துக்குரியது. எவ்வகையில் ஒத்தது என்னும் தெளிவு அக்காலத்து இன்றியமையாததாயிற்று. தண்டியலங்காரமும் பண்பு, தொழில், பயன் என ஆராயத் தவறவில்லை. ஆயினும், 'அணி' என்னும் பெயர், உவமை புறத்தே பூட்டிய நகை என்ற எண்ணத்துக்கு இடந்தந்தது.

குறுந்தொகைப் புலவர் ஒருவர், காதலர் நெஞ்சங்கள் கலந்தமையைச் செம்மண்ணிற் பெய்த மழைநீருக்கு ஒப்பிட்டார். மண்ணின் நிறம் ஏற்ற நீர் மீண்டும் பழைய நீராதல் எளிதன்று. அவ்வுவமையை நீக்கின், முன்பின் அறியாத இருவர் ஒன்றாகிய விந்தை வெறுஞ்செய்தியாகிவிடும். அவரது இயற்பெயர் மறைந்தது. செம்புலப்பெயனீரார் என உவமையே பெயராய் நிலைத்தது. ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோரும் இவ்வாறு தம் உவமையாற் பெயர்பெற்றோரே.

நிலவனைய முகம் என ஆயிரமுறை கேட்டவனுக்கு, அத்தொடர் முகத்தையும் காட்டுவதில்லை, நிலவையும் காட்டுவதில்லை. ஆதலின், எவ்வணி என விடையெழுதிய மாணவன் மேலும் ஒரு வினாவை எழுப்புதல் தகும்: இவ்வுவமை இல்லையாயின், அறியப்படாமற் போவது யாது?