நீலக் குவிமாடமும் ஒரு பழைய ரிவால்வரின் விலையும்

நியூ ஹேவனிலிருந்து ஐ-91 நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால், ஹார்ட்ஃபோர்ட் நகரம் தொடங்கும் இடத்தில் இடது பக்கம் ஒரு நீலக் குவிமாடம் தெரியும். வெங்காயம் மாதிரி வடிவம், மேலே தங்க நட்சத்திரங்கள், உச்சியில் முன்காலைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரைக் குட்டி. எங்க வீட்டு ஏழு வயசுக்காரி அதை ரொம்ப நாள் கோயில்னே நினைச்சிட்டு இருந்தா. அது சாமுவேல் கோல்ட்டின் துப்பாக்கித் தொழிற்சாலை. 1864இல் எரிந்துபோனதை அவருடைய மனைவி எலிசபெத் திரும்பக் கட்டி எழுப்பினார். இப்போது உள்ளே அபார்ட்மென்ட்டுகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. அந்தப் பகுதியையே தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க 2014இல் சட்டம் வந்தது.

நம்ம ஆட்கள் ஹார்ட்ஃபோர்ட் வந்தால் மார்க் ட்வைன் வீட்டைப் பார்த்துட்டு, சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. அரை நாள் கூடுதலாகக் கிடைத்தால் கோல்ட்ஸ்வில் பக்கம் போங்க. அங்கே எலிசபெத் கட்டிய குட் ஷெப்பர்ட் தேவாலயம் இருக்கு. வாசல் வளைவின் கல் வேலைப்பாட்டை நிதானமா பாருங்க. பூவுக்கும் சிலுவைக்கும் நடுவே குறுக்காக வைத்த ரிவால்வர்களும் துப்பாக்கிப் பாகங்களும் செதுக்கியிருப்பாங்க. கோயில் தூணில் யாளியைப் பார்த்து வளர்ந்த எனக்கே அது கொஞ்சம் தூக்கிவாரிப்போட்டது. கேபிடல் அவென்யூவில் கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கு, அனுமதி இலவசம். கோல்ட் துப்பாக்கிகளின் பெரிய தொகுப்பு அங்கேதான்.

இதையெல்லாம் நான் சுற்றிப் பார்க்கக் காரணம் எங்க பக்கத்து வீட்டம்மா. எழுபத்தெட்டு வயசு. செவ்வாய், வியாழன் பள்ளி விட்டதும் என் பெண் அவங்க வீட்டில்தான் இருப்பாள். அவங்க கணவர் கோல்ட் கம்பெனியில் ரிவால்வர் பாகங்களைக் கையால் ராவிப் பொருத்தும் வேலையில் இருந்தவர். 1986இல் தொடங்கி 1990 வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் தினம் காலையில் தெர்மாஸ் ஃபிளாஸ்கோடு கேட்டுக்குப் போய் நின்றாராம். போன வருஷம் அவர் இறந்த பிறகு ஒருநாள் அந்தம்மா என்னிடம், "நீ கம்ப்யூட்டர் ஆளாச்சே, இது ரெண்டும் என்ன விலை போகும்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். படுக்கையறை மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். ஒன்று அட்டைப்பெட்டியோடு இருந்த 1968ஆம் வருஷத்துப் பைதான். மற்றொன்று குட்டைக் குழல் டிடெக்டிவ் ஸ்பெஷல்.

பூட்டில்லாத இழுப்பறை. என் பெண் வாரம் ரெண்டு நாள் விளையாடுகிற வீடு. விலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அன்றைக்கே ஒரு பூட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்தேன். பதினெட்டு வயசுக்குக் குறைந்தவர்கள் கைக்கு எட்டக்கூடிய வீட்டில், தோட்டா போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும் என்று 2019இல் கனெக்டிகட்டில் சட்டமே வந்தாச்சு.

பிறகு எக்செல் திறந்து உட்கார்ந்தேன். வேலையிலே தரவு பார்த்துப் பழகியவனுக்கு இது தனி உலகமாக இருந்தது. பழைய கார் மாதிரி வயசானால் விலை இறங்கும் என்று நினைத்தால், இங்கே கணக்கே வேறே.

முதலில் ரசனை. பைதான் 1955இல் வந்தபோது விலை 125 டாலர். அப்போது அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் ஆறு தோட்டா ரிவால்வர்தான் இருக்கும். 1986இல் மயாமியில் எஃப்பிஐக்காரர்கள் இருவர் ஒரு துப்பாக்கிச் சண்டையில் இறந்த பிறகு, காவல்துறைகள் வேகவேகமாக அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டல்களுக்கு மாறின. கழித்துவிட்ட ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்கள் கடைகளில் குவிந்தன, மலிவாகப் போயின. கோல்ட்டும் கைவேலை அதிகம் பிடிக்கும் ரிவால்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 2005இல் பைதான் முழுசா நின்றது. நின்ற பிறகுதான் மவுசு. 2010இல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' தொடரில் துணை ஷெரிஃப் கையில் பைதானைப் பார்த்து ஒரு புது தலைமுறையே அதைத் தேட ஆரம்பித்தது. நல்ல நிலையில் இருந்தவை 2000 டாலரைத் தாண்டிப் போயின. 2020இல் கோல்ட் புதிய பைதானை 1499 டாலருக்குக் கொண்டுவந்தது. சுடுவதற்கு வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிக்கலாம். சேகரிப்பாளர்களுக்குப் பழசுதான் வேணும், அந்த ஆழ்ந்த நீலப் பாலிஷும் கையால் பொருத்திய இயக்கமும்.

அதனால்தான் அட்டைப்பெட்டிக்கே தனி விலை. டிடெக்டிவ் ஸ்பெஷலைப் பல வருஷம் முன்னால் அந்த ஐயா ஆசையாக நிக்கல் பூசி மினுக்கியிருந்தார். பார்க்க அழகு, ஆனால் அசல் பூச்சு போனதால் சேகரிப்பாளர் கணக்கில் அதன் விலை நன்றாக இறங்கிவிட்டது.

அடுத்தது சட்டம். ஒரே நாட்டுக்குள் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு விலை என்பது இங்கேதான் புரிந்தது. கலிஃபோர்னியாவில் 2001 முதல் மாநிலம் அனுமதித்த பட்டியலில் உள்ள கைத்துப்பாக்கிகளைத்தான் கடைக்காரர் புதிதாக விற்கலாம். தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்கு அந்தத் தடை இல்லை. ஆக, பட்டியலில் இல்லாத துப்பாக்கி அங்கே ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தால் பழசாக இருந்தும் கூடுதல் விலை. மாசசூசெட்ஸிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கு. 1998 அக்டோபர் 21க்கு முன்பே அந்த மாநிலத்தில் சட்டப்படி இருந்தவைக்கு விலக்கு உண்டு. எங்க கனெக்டிகட்டில், சாண்டி ஹுக் பள்ளிக் கொடூரத்துக்குப் பிறகு 2013இல் வந்த சட்டம் பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடை செய்தது. ஆறு தோட்டா ரிவால்வரை அது தொடவே இல்லை.

வயசுக்கும் சட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு. 1898 வரை செய்தவை மத்திய சட்டத்தில் பழம்பொருள், பெரும்பாலான விதிகள் பொருந்தாது. ஐம்பது வருஷம் தாண்டியவற்றை, அதற்கென்று லைசன்ஸ் வைத்திருக்கும் சேகரிப்பாளர் வேறு மாநிலத்திலிருந்தும் வாங்கலாம். வாங்கும் கூட்டம் பெருகினால் விலையும் ஏறத்தானே செய்யும். 1968 பைதான் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியாச்சு.

இந்தியாவில் இன்னும் விசித்திரம். 1980களில் இறக்குமதி நின்றுபோனதால், தாத்தா காலத்து வெப்லி ரிவால்வர் ஒன்று அங்கே லட்சக்கணக்கில் பேசப்படும். லைசன்ஸ் கிடைப்பதும் குதிரைக் கொம்பு. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை வைத்திருந்தவர்கள் அதைக் கைமாற்றவோ ஒப்படைக்கவோ வேண்டியதாயிற்று. தட்டுப்பாட்டால் ஏறும் விலை ஒரு பக்கம், கட்டாயத்தால் விற்க வேண்டிய நெருக்கடி இன்னொரு பக்கம்.

ரெண்டு வாரம் கழித்து என் எக்செல் தாளை அந்தம்மாவிடம் காட்டினேன். மகள் மாசசூசெட்ஸில் இருக்கிறார். அங்கே வைத்துக்கொள்ள லைசன்ஸ் எடுக்கணும். அவர், "அம்மா, என் பசங்க இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பைதானை லைசன்ஸ் உள்ள கடைக்காரர் ஒருவரிடம் கமிஷனுக்கு விற்கக் கொடுத்தோம். பெட்டியை மட்டும் கொடுக்க அந்தம்மாவுக்கு மனசே வரவில்லை. அதன் மூடியில் கணவர் பென்சிலில் ஏதோ கிறுக்கி வைத்திருந்தார். பெட்டி இல்லாவிட்டால் சில நூறு டாலர் குறையும் என்று சொன்னேன். "குறையட்டும்" என்றார்.

நிக்கல் பூசியதைப் போலீஸார் துப்பாக்கிகளைத் திரும்பப் பெறும் சனிக்கிழமை நிகழ்ச்சியில் கொண்டுபோய் ஒப்படைத்தார். கைக்கு வந்தது ஒரு கிஃப்ட் கார்டு. விற்றிருந்தால் அதைவிடக் கூடவே கிடைத்திருக்கும், அதையும் சொன்னேன். "தெரியும்ப்பா. அது யார் வீட்டு இழுப்பறைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

இப்போதெல்லாம் பெண்ணை வேறு வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன்னால், வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே மூச்சில் கேட்டுவிடுகிறேன்: "வீட்டில் துப்பாக்கி இருக்கா? பூட்டியிருக்கா?" நம்ம வீடுகளில் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றும். என் மனைவிக்கு இன்னும் கூச்சம்தான். இதுவரை ஆறு வீட்டில் கேட்டாச்சு. ரெண்டு வீட்டில் "இருக்கு" என்றார்கள். ரெண்டு பேருமே கோபப்படவில்லை, பூட்டைக் காட்டினார்கள்.