சுவிட்சை அணைத்தாலும் ஃபேனில் கரண்டு இருக்கலாம்

“ஓட்டு வீடு. கூடத்தில் பல்பு எரிகிற பாயிண்டிலேயே சீலிங் ஃபேன் மாட்டலாமா? சுவரில் இருக்கிற பழைய சுவிட்சே போதுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேளாண்மை படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்க வேண்டாம். வரப்பில் நின்று குருத்துப்பூச்சியைப் பற்றிப் பேசி முடித்ததும், “சார், அப்படியே வீட்டுக்கு வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க” என்பார்கள். மோர் வருவதற்குள் மோட்டார், மிக்ஸி, ஃபேன் என்று எல்லாக் கேள்வியும் வந்துவிடும்.

பதில், மாட்டலாம் என்பதுதான். சாதாரண 48 அங்குல ஃபேன் 75 வாட் அளவுக்குத்தான் கரண்டு எடுக்கும். பல்புக்கு வந்திருக்கும் ஒயர் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாங்கும். சுவிட்சும் தாங்கும். ஆனால் அந்த சுவிட்சு எந்த ஒயரைத் துண்டிக்கிறது என்று பார்க்காமல் ஃபேனை மாட்டக் கூடாது.

கரும்பு பார்க்கப் போன ஒரு வீட்டில், அந்த வீட்டுப் பையன் கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது ஸ்டூலில் ஏறி ஈரத்துணியால் ஃபேனைத் துடைத்திருக்கிறான். ஷாக் அடித்துக் கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. “சுவிட்சு ஆஃப்லதான் சார் இருந்துச்சு, நான்தான் அமத்தினேன்” என்று அவன் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஒயர்மேன் வந்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயரிலும் டெஸ்டரை வைத்துக் காட்டினார். இரண்டிலும் பளிச்சென்று எரிந்தது.

இதை நமக்குத் தெரிந்த பாசனக் கணக்கில் சொல்கிறேன். வாய்மடையை அடைத்தால் வயலுக்குள் தண்ணீர் வராது. வாய்மடையைத் திறந்து வைத்து வடிகாலை மட்டும் அடைத்தால் ஓட்டம் நிற்கும், ஆனால் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஃபேஸ் ஒயர் வாய்மடை, நியூட்ரல் வடிகால். சுவிட்சு ஃபேஸில் இருந்தால், அணைத்ததும் ஃபேனுக்குள் கரண்டு இருக்காது. நியூட்ரலில் இருந்தால் ஃபேன் நின்றுவிடும். ஆனால் உள்ளே காயில் முழுக்க 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். பழைய ஃபேனில் காயிலின் காப்பு தேய்ந்து, எர்த்தும் கொடுக்காமல் இருந்தால், அது உடம்புக்கே இறங்கிவிடும்.

அந்த வீட்டில் ஒயரிங் செய்தவர் ஆரம்பத்தில் சரியாகத்தான் செய்திருந்தார். புயலில் அறுந்த சர்வீஸ் ஒயரை மறுபடி இழுத்துக் கட்டியபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. அதோடு வீட்டிலுள்ள எல்லா சுவிட்சும் நியூட்ரல் சுவிட்சாக மாறிவிட்டது. பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏணி ஏறாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூன்று துளை பிளக் பாயிண்டில் பெரிய எர்த் துளை மேலே இருக்கும். சுவிட்சைப் போட்டு டெஸ்டரை வைத்தால், நம் வலது கைப் பக்கத் துளையில் எரிய வேண்டும், இடது பக்கத்தில் எரியக் கூடாது. எல்லா பிளக் பாயிண்டிலும் இடது பக்கமே எரிந்தால் சர்வீஸில் ஒயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். சர்வீஸ் ஒயரிலோ மீட்டர் பக்கமோ வேலை நடந்தால், அன்றைக்கே இப்படிப் பார்த்துவிடுங்கள்.

பல்பும் வேண்டும், ஃபேனும் வேண்டும், தனித்தனி சுவிட்சு வேண்டும் என்றால், பல்புக்கு வந்த இரண்டு ஒயர் போதாது. போர்டிலிருந்து ஃபேனுக்கென்று இன்னொரு ஃபேஸ் ஒயர் இழுக்க வேண்டும். நியூட்ரல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். ஃபேனின் உடம்புக்குப் பச்சை எர்த் ஒயரும் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். நியூட்ரல் எட்டவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற எர்த் ஒயரிலேயே முடிந்துவிடுகிறார்கள். ஃபேன் சுற்றத்தான் செய்யும். ஆனால் மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன், இதைச் செய்யாதீர்கள். ஈரமண்தான் கரண்டைக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. ஃபேன் ஓயாமல் ஓடுவது சித்திரை, வைகாசியில். எர்த் குழி வறண்டு கிடப்பதும் அப்போதுதான். மண் வாங்கிக்கொள்ளாத கரண்டு, அதே எர்த் ஒயர் வழியாக கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றின் உடம்புக்கும் வந்து நிற்கும். எர்த் என்பது ஆபத்துக்கு மட்டும். கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுவிட்டால், கரண்டு கசிந்ததுமே அதுவாக அணைந்துவிடும்.

கேட்டவர் வீடு ஓட்டு வீடு என்பதால் இன்னொன்று. பல்பு ஹோல்டர் இருக்கும் ரீப்பரில் ஃபேனைத் தொங்கவிட வேண்டாம். ஃபேனின் எடையை விட, சுற்றும்போது வரும் அதிர்வுதான் பெரிது. உத்தரத்தில் இரும்புப் பட்டை போட்டு, நட்டு போல்ட்டில் கொக்கி மாட்டுங்கள். இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

புதிதாக வாங்குவது 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால், பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேராகக் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகும். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால், 75 வாட் ஃபேன் இரண்டு மாதத்தில் 45 யூனிட் எடுக்கும். இது 18 யூனிட்தான் எடுக்கும்.

வேலையை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள். முடிந்ததும், ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். “அண்ணே, சுவிட்சை அமத்திட்டு மேலே டெஸ்டர் வெச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். இரண்டு ஒயரிலும் எரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.