கிணற்றைக் கேட்டு எடுக்கும் விதை

மக்காச்சோள விதை வாங்கப் போகிறவனை ஊரில் எல்லோரும் கேட்பது, "எந்தக் கம்பெனி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை அடிக்குமாம்?" என்றுதான். என் அத்தை மட்டும், "ஏப்பா, மார்கழியில உன் கிணத்துல மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும்? அதைச் சொல்லு மொதல்ல" என்பார். வேடசந்தூருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் கிணற்றை நம்பி வெள்ளாமை செய்கிறவன் நான். மக்காச்சோளத்தில் என் கையில் காசு நின்ற வருடங்களெல்லாம் அந்தக் கேள்விக்கு உள்ளது உள்ளபடி பதில் சொன்ன வருடங்கள்தான்.

எங்களுக்கு நிலம் இரண்டு துண்டு. மேட்டில் செம்மண், தண்ணீர் கட்டிய நாலைந்து நாளில் பயிர் இலையைச் சுருட்டிக் காட்டிவிடும். பள்ளத்தில் கரிசல், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு புரட்டாசிப் பட்டத்தில் அந்தச் செம்மண்ணைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் நூறு நாளைத் தாண்டும் நீண்ட வயது வீரிய ஒட்டு, மறுபக்கம் அதைவிடப் பத்துப் பதினைந்து நாள் முந்தி வரும் ரகம் என்று அப்பாவும் நானும் ஊன்றினோம். கார்த்திகை தொடக்கத்திலேயே மழை நின்றுவிட்டது. நீண்ட வயதுப் பயிர் ஆளுயரம் தாண்டிக் கரும்பச்சையாக நின்றது; பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதிரை உரித்துப் பார்த்தால் மேல் மூன்றில் ஒரு பங்கு பொக்கை. கீழே இருந்த மணியும் சுருங்கிக் கிடந்தது. மறுபக்கத்துக் கதிர் சிறியது, ஆனால் நுனிவரை மணி. எடை போட்டபோது சிறிய கதிர்தான் ஜெயித்தது.

ஏன் அப்படி என்று கதிருக்குள்ளேயே பார்க்கலாம். மக்காச்சோளத்தில் ஒரு மணிக்கு ஒரு பட்டு நூல். மேலே ஆண் பூவிலிருந்து விழும் மகரந்தம் அந்த நூலில் ஒட்டி உள்ளே இறங்கினால்தான் மணி பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் ஆண் பூ தன் நாளில் வந்துவிடும், நூல் பிந்திவிடும். கதிரின் அடியில் உள்ள நூல் முதலில் வெளிவரும், நுனியில் உள்ளது கடைசியில். அது வெளியே வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். நுனிப் பொக்கைக்கு ஒரு முக்கியமான காரணம் இது.

பட்டு வந்து சில நாள் கழித்து நான் ஒரு கதிரை மட்டையோடு ஒடித்து, கத்தியால் மட்டையை நீளவாக்கில் கீறி, நூல் அறாமல் உரித்து, மெல்ல உதறுவேன். மணி பிடித்த இடத்து நூல் தானாக உதிரும். பிடிக்காத இடத்து நூல் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே அந்த வருடத்து விளைச்சல் கையில் தெரிந்துவிடும். வீட்டு நகை அடகில் இருக்கும் வருடத்தில் அந்த முதல் கதிரை உதறும்போது எனக்குக் கை நடுங்கும்.

பட்டு வரும் நேரம் இன்று ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். நம் நாட்டில் 1957-இல் மக்காச்சோளத்துக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கி, 1961-இல் கங்கா முதலான முதல் ஒட்டுகள் வந்தன. அந்தக் காலத்து ஒட்டுகள் நான்கு பெற்றோர் கலந்த இரட்டை ஒட்டுகள். பயிர் கொஞ்சம் முன்பின்னாகப் பூக்கும். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே பெற்றோரின் ஒற்றை ஒட்டுகள். விளைச்சல் கூடுதல், காடு முழுக்க ஒரே உயரம், ஒரே வாரத்தில் பட்டு. அந்த ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் போனால் காடு மொத்தமும் போகும். ஆகவே விதை வாங்கும்போது நான் கேட்பது வயதை மட்டுமல்ல, எத்தனையாவது நாளில் பட்டு வரும் என்பதை. ஊன்றும் தேதியிலிருந்து அதைக் கூட்டி, அந்த வாரம் மழை இருக்குமா, இல்லையென்றால் கிணறு தாங்குமா என்று பார்ப்பேன். தைப் பட்டத்துக்கு இது இன்னும் முக்கியம். பட்டு வரும்போது மாசி, பங்குனி வெயில் பிடித்துக்கொள்ளும்.

அதற்காகக் குறுகிய வயது எப்போதும் நல்லது என்று சொல்லமாட்டேன். முந்தி ஊன்றி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் முற்றினால் கதிரில் பூஞ்சணம் ஏறும். நாமக்கல், பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித் தீவனத்துக்குத்தான் நம் மக்காச்சோளம் போகிறது. பூஞ்சணம் கோழிக்கு விஷம். தீவன ஆலை திருப்பி அனுப்பிவிடும்.

விதையைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 பயிர் நிற்க வேண்டும். கதிருக்கு 100 கிராம் மணி என்றாலும் 27 குவிண்டால். பத்துக்கு ஒரு பயிர் முளைக்காமல் போனால் 2.7 குவிண்டால் போச்சு. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்; அந்தக் கணக்கில் சுமார் 6,500 ரூபாய். சந்தையில் அந்த விலையும் நிச்சயமில்லை. இருந்தும் பலர் விலை உயர்ந்த விதையை வாங்கிவிட்டு, முளைத்த எட்டாம் நாள் வரிசையில் நடந்து முளைக்காத இடத்தில் மறுபடி ஊன்றுவதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. உரமும் அப்படித்தான்: தழைச்சத்தை மொத்தமாகக் கொட்டாமல் அடியுரமாகக் கால், 25-ஆம் நாள் பாதி, 45-ஆம் நாள் மீதிக் கால். அந்தக் கடைசிக் கால் பங்கு கதிருக்கு உதவுவது. கை சுருங்கும் நேரமும் அதுதான்.

2018-இல் படைப்புழு வந்தது. மே மாதம் கர்நாடகத்தில் கண்டார்கள். அதே வருடம் நம் பக்கமும் இறங்கிவிட்டது. எந்த ஒட்டும் தப்பவில்லை. தலையில் கவிழ்ந்த 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம். அதிலிருந்து விதை நேர்த்தி செய்யாத பையை நான் தொடுவதில்லை. முதல் மூன்று வாரம் தினமும் காலையில் குருத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். புழு சிறிதாக இருக்கும்போதே எமாமெக்டின் பென்சோயேட்டை லிட்டருக்கு 0.4 கிராம் கலந்து, சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி அடித்தால் கேட்கும். புழு பெருத்து எச்சத்துக்கு அடியில் மறைந்துகொண்ட பிறகு அடிக்கும் மருந்துக்குக் காசுதான் போகும்.

அறுவடையில் எனக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது ஒரு கரும்புள்ளி. மணியைப் பிடுங்கி அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் கருத்த படலம் தெரிய வேண்டும்; அதன் பிறகு மணிக்குள் எதுவும் சேராது. ஆனால் அப்போதும் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு மேலே இருக்கும். வியாபாரி மீட்டரை வைத்து 14-க்கு மேல் காட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் கழிப்பார். களத்தில் நாலு வெயில் காயவைக்க இடமில்லாதவன், தன் உழைப்பை ஈரத்தோடு சேர்த்துத் தள்ளுபடியில் கொடுக்கிறான். ஊருக்கு ஒரு பொதுக் களம் என்று கிராமசபையில் நாங்கள் விடாமல் கேட்பது அதனால்தான்.

நம் மாவட்டத்திலேயே வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புது ஒட்டு என்றால் அங்கே விசாரித்துவிட்டு, பழைய ரகத்துக்குப் பக்கத்திலேயே நாலு வரிசை மட்டும் ஊன்றுவேன். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம். தனியாக அடித்துத் தனியாக எடை. இந்தப் புரட்டாசிக்குக் கரிசலில் நீண்ட வயது என்பது முடிவு. செம்மண்ணுக்கு ஆவணிக் கடைசியில் கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விதைக்கடைக்குப் போவேன்.