ராத்தாவின் குளிசை

ராத்தாவுக்குக் கலியாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லை. ஊர் அவளுக்கு வைத்த பெயர் மலடி. மாதவிலக்கு ஒழுங்கில்லை, தாடையில் ரோமம். சூலகத்தில் நீர்க்கட்டி என்றே வருடக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள்.

கடைசியில் ஓமோன் வைத்திய நிபுணர் ஒருவர், காலையில் எடுத்த இரத்தத்தில் 17-ஹைட்ரொக்சிபுரோஜெஸ்தரோன் அளவைப் பார்த்துக் காரணம் சொன்னார். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரினல் சுரப்பியில் 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதியம் குறைவு. கோர்ட்டிசோலாக வேண்டியது தேங்கி, ஆண் ஓமோனாக மாறிவிடுகிறது. முட்டை முதிர்வதும் கருத்தங்குவதும் அதனால் தடைப்படுகின்றன. குறைந்த அளவில் ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுத்தால் அந்தப் பெருக்கம் அடங்கும். 1950இல் அமெரிக்காவின் போல்ட்டிமோரில் லோசன் வில்கின்ஸ் கோர்ட்டிசோன் கொடுத்துத் திறந்த வழி இது.

இந்தக் குறை தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்தால்தான் நோயாகும். மச்சான் எங்கள் மாமி மகன், சொந்த இரத்தம். பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவரையும் சோதிக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

“எண்ட புள்ளைக்கு என்ன குறை?” மாமி கொதித்தார்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே போய்க் கையை நீட்டினார். அவரிடம் குறை இருக்கவில்லை. ஆனாலும், ஏழு வருடமாக ராத்தா தனியே சுமந்ததை அன்றுதான் இன்னொருவர் பங்குபோட்டார்.

குளிசை தொடங்கிய மறு வருடம் மகள் பிறந்தாள். மலடி என்றவர்களும் பலகாரத்தோடு வந்தார்கள். சொன்ன சொல்லை ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை. அது இப்போது அடுத்த தெருவில் இன்னொருத்தியின் வாசலில் நிற்கிறது.